செல்ல முயல் சீறுவது ஏன்?
வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பல முயல்களைப் பற்றியவை. சாதுவான பிராணி என்று நம்பிக் குழந்தைகளுக்காக வாங்கிய முயல், சில மாதங்கள் கழித்து உறுமுகிறது, பாய்கிறது, கடிக்கிறது என்பதே பெரும்பாலானோரின் புகார். ஆகவே வழக்கமான நாய், பூனைக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்தப் பக்கங்களை முயல்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பெண் முயலுக்கு ஆறு மாதம் ஆகிறது. குட்டியாக வாங்கி வந்தபோது மடியிலேயே தூங்கும். இப்போது ஒரு மாதமாகக் கூண்டுக்குள் கையை விட்டாலே காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு, உறுமியபடி பாய்ந்து முன்னங்கால்களால் அடிக்கிறது. நேற்று என் மகளின் விரலில் ரத்தம் வரும்படி கடித்துவிட்டது. ஆனால் கூண்டைத் திறந்து வெளியே விட்டால் நம் காலடியிலேயே வந்து படுத்துக்கொள்கிறது. ஒரே முயல் ஏன் இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்கிறது? கூண்டைச் சுத்தம் செய்யவே பயமாக இருக்கிறது, டாக்டர்.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான தகவலை நீங்களே எழுதிவிட்டீர்கள். வெளியே சாதுவாகவும் கூண்டுக்குள் மூர்க்கமாகவும் இருக்கும் முயலுக்கு உங்கள் மீது கோபம் எதுவும் இல்லை. தன் இடத்தைக் காக்கும் வேலையை அது செய்கிறது. நாம் வளர்க்கும் எல்லா முயல் இனங்களும், ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிகளில் நிலத்தடி வளை தோண்டிக் கூட்டமாக வாழும் ஐரோப்பியக் காட்டு முயலின் வழி வந்தவை. அந்தக் கூட்டத்தில் குட்டி ஈனுவதற்கேற்ற நல்ல வளைக்காகப் பெண் முயல்கள் ஒன்றோடொன்று கடுமையாகச் சண்டையிடும். சிறிய இனங்கள் ஏறத்தாழ நான்காம் மாதத்திலும், பெரிய இனங்கள் ஐந்து ஆறு மாதங்களிலும் பருவமடைகின்றன. உங்கள் முயல் அந்த வயதில்தான் இருக்கிறது. உங்களுக்குக் கம்பிக் கூண்டாகத் தெரிவது அதற்கு வளை. உங்கள் மகளின் கை, வளைக்குள் நுழையும் அந்நியன்.

இதோடு முயலின் பார்வை பற்றிய ஒரு செய்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் உயரமாக அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலேயே தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும், தலைக்கு மேலுள்ள வானத்தையும் பார்க்க முடியும். இரையாகிப் பிழைக்க வேண்டிய விலங்குக்கு அது தேவை. ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் தாடைக்கு அடியிலும் இருப்பது அதற்குத் தெரியாது. பாசத்தோடு மூக்குக்கு நேராக நாம் நீட்டும் விரல் அருகில் வந்ததும் அதன் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. மேலிருந்து இறங்கும் கையோ பருந்தின் நிழலைப் போன்றது. முன்னதை அது முகர்ந்து பார்த்தோ கடித்துப் பார்த்தோதான் அறிந்துகொள்ளும். பின்னதைக் கண்டால் உறைந்து நிற்கும், தப்பி ஓடும், ஓட இடம் இல்லாத கூண்டில் எதிர்த்துத் தாக்கும்.

இதற்கு மேல், பெரும்பாலான வீடுகளில் நாமே அறியாமல் கடிப்பதற்குப் பயிற்சி கொடுத்துவிடுகிறோம் என்பது என் கருத்து. முயல் எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. முதலில் உடல் விறைக்கும், காதுகள் முதுகோடு ஒட்டிப் படியும், தாடை முன்னே நீளும், வால் நிமிரும், தொண்டையிலிருந்து குறுகிய உறுமல் ஒன்று வரும், பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டவும் செய்யலாம். இவை எல்லாமே 'அருகில் வராதே' என்ற எச்சரிக்கைகள். அப்போதெல்லாம் கையை எடுக்காமல் இருந்துவிட்டு, கடித்தவுடன் 'ஐயோ' என்று அலறி இழுத்துக்கொண்டால், எச்சரிப்பதால் பயனில்லை, கடித்தால்தான் பலன் என்று அது கற்றுக்கொள்கிறது. சில நாட்களில் எச்சரிக்கைகளை விட்டுவிட்டு நேராகக் கடிக்கத் தொடங்குகிறது. 'காரணமே இல்லாமல் கடிக்கிறது' என்று கடிதங்களில் வரும் முயல்களில் பல இப்படி உருவானவைதான்.

இனிச் செய்ய வேண்டியவை. கூண்டைச் சுத்தம் செய்வதற்கு முன் கதவைத் திறந்துவைத்து, முயல் தானாக வெளியே வரும்வரை காத்திருங்கள். அது வேறு அறையில் உலவும்போது வேலையை முடித்துவிடுங்கள். கூண்டை ஒட்டுமொத்தமாகக் கழுவித் துடைத்து, பழைய விரிப்பு, பொருள்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். தன் வாசனை அடியோடு மறைந்த இடத்தை மீண்டும் உரிமை கொண்டாட அது இரட்டிப்பு மூர்க்கம் காட்டும். பாதி விரிப்பை இன்று மாற்றினால் மீதியை இரண்டு நாள் கழித்து மாற்றலாம். தட்டை வைக்கவும் எடுக்கவும் கையைக் குறுக்கே நீட்ட வேண்டியிராதபடி, தீவனத் தட்டைக் கதவருகில் வைத்துவிடுங்கள். இடம் இருந்தால் கூண்டையே விட்டுவிட்டு, அறையின் ஒரு மூலையில் நாலடி உயரத் தடுப்பு வைத்து அடைப்பது எல்லாவற்றிலும் மேல். தரையோடு தரையாக நாமும் உள்ளே சென்று அமரக்கூடிய இடத்தில், மேலிருந்து இறங்கும் கை என்ற சிக்கலே எழாது.

கையைப் பற்றிய அச்சம் போக, நாள்தோறும் மாலையில் கால் மணி நேரம் தரையில் அமர்ந்திருங்கள். முயல் விடியற்காலையிலும் அந்தி வேளையிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். நண்பகலில் தூங்கும் முயலை எழுப்பிக் கொஞ்சப் போனால் கடி வாங்கத்தான் செய்வோம். முதல் சில நாட்கள் அதைத் தொட முயலவே வேண்டாம். புத்தகம் படித்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ இருந்தால் போதும். அது வந்து முகர்ந்து, முழங்காலில் தாடையைத் தேய்த்துவிட்டுப் போகும். தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி இருப்பதால், உங்களையும் தன் உடைமைகளில் சேர்த்துக்கொண்டது என்று பொருள். அதன்பின் கொத்தமல்லித் தழையை நீட்டுங்கள். பிறகு பக்கவாட்டிலிருந்து, அது பார்க்கும்படி கையைக் கொண்டுவந்து, நெற்றியையும் காதுகளின் அடியையும் மட்டும் தடவுங்கள். தடிமனான பேண்ட்டும் கையுறையும் அணிந்திருந்தால், அது பாய்ந்தாலும் நீங்கள் பதறி விலகாமல் அசையாதிருக்க முடியும். ஆனால் அது உறுமும்போது பிடிவாதமாகக் கையை அங்கேயே வைத்திருப்பதும் சரியில்லை. எச்சரிக்கையின் முதல் கட்டத்திலேயே நிதானமாக நிறுத்திக்கொண்டால், எச்சரித்தாலே போதும் என்ற பழைய பழக்கம் அதற்குத் திரும்பும்.

இவ்வளவும் செய்தாலும், பருவமடைந்த பெண் முயலின் மூர்க்கத்துக்கு மூலகாரணம் ஹார்மோன் என்பதால், கருப்பை, சூலகம் இரண்டையும் நீக்கும் கருத்தடை அறுவை சிகிச்சை குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். பெண் முயலுக்குச் சில சமயம் இனச்சேர்க்கை நடவாமலேயே பொய்ச்சினை ஏற்படும். அப்போது ஏறத்தாழ இரண்டரை வாரங்களுக்குத் தன் மார்பு மயிரைப் பிடுங்கி, வாயில் புல்லைக் கவ்வித் திரிந்து, கூடு கட்டும்; அருகில் வருவோரை விரட்டும். அறுவைக்குப் பின் ஹார்மோன்கள் அடங்கக் கிட்டத்தட்ட ஒரு மாதமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ ஆகும் என்பதால், மறுவாரமே மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். அறுவைக்கு முன் பட்டினி போடச் சொல்லும் மருத்துவரிடம், முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும், வெறும் வயிற்றில் அதன் குடல் இயக்கம் நின்றுபோகும் என்பதையும் தயங்காமல் நினைவூட்டுங்கள். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து அனுபவம் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிப்பது நல்ல தொடக்கம். குணம் மாறுவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் மிகப் பரவலாக வருகிறது. எட்டுப் பத்து ஆண்டுகள் வாழக்கூடிய பிராணியை நான்கு, ஐந்து வயதிலேயே இழக்கும் வீடுகளில் பல நேரம் அதுவே காரணமாக இருக்கிறது.

கேள்வி: என் ஆண் முயல் என் கால்களைச் சுற்றிச் சுற்றி ஓடி, 'ம்ம் ம்ம்' என்று ஒலி எழுப்புகிறது. சில சமயம் பாதத்தைக் கட்டிப் பிடித்துக் கடிக்கிறது. என் மீதே சிறுநீரைப் பீய்ச்சுகிறது. என்னை எதிரியாக நினைக்கிறதா?
— வாசகர், மதுரை

பதில்: நேர்மாறாக, உங்களைத் துணையாக நினைக்கிறது. வட்டமடிப்பது, முனகுவது, சிறுநீர் தெளிப்பது மூன்றும் ஆண் முயலின் காதல் சடங்குகள். இணை சேரும்போது ஆண் முயல் பெண்ணின் பிடரி மயிரைக் கவ்விக்கொள்ளும். உங்கள் கணுக்காலில் அது அதைத்தான் செய்கிறது. காலால் உதறித் தள்ளினால் விளையாட்டு சண்டையாக மாறும். குனிந்து, உள்ளங்கையால் மெல்ல ஒதுக்கிவிட்டு, ஓர் அட்டைப் பெட்டியையோ பழைய துணிப் பொம்மையையோ தந்து கவனத்தைத் திருப்புங்கள். நிலையான தீர்வு விதை நீக்கம்தான். பெண் முயலுக்குச் செய்யும் அறுவையைவிட இது எளியது. அறுவைக்குப் பிறகும் சில வாரங்களுக்கு அதனால் சினைப்படுத்த முடியும் என்பதால், வீட்டில் பெண் முயல் இருந்தால் ஆறு வாரமாவது பிரித்து வையுங்கள். முயலின் சினைக்காலம் ஒரு மாதம்தான். குட்டி ஈன்ற அன்றே அது மீண்டும் சினைப்படக்கூடியது.

கேள்வி: கடிக்கும் முயலைக் காதைப் பிடித்துத் தூக்கினால் பயந்து அடங்கிவிடும் என்கிறார் எங்களுக்கு முயல் விற்றவர். மல்லாக்கப் படுக்க வைத்தால் சொக்கிப்போய்ச் சாதுவாகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மூக்கில் சுண்டினால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எது சரி?
— வாசகர், ஈரோடு

பதில்: மூன்றுமே தவறு. முயலின் காது, உடல் எடையைத் தாங்குவதற்கான உறுப்பு இல்லை. மெல்லிய ரத்தக் குழாய்கள் நிறைந்து, உடல் சூட்டை வெளியேற்றும் உறுப்பு. மேலும் முயலுக்கு எலும்புகள் இலேசானவை, பின்னங்கால் தசைகளோ மிக வலிமையானவை. அந்தரத்தில் தொங்கும் முயல் உதைக்கும்போது அந்த உதையின் விசையிலேயே அதன் இடுப்பு முதுகெலும்பு முறிந்து, பின்னங்கால்கள் செயலிழந்துபோவதுண்டு. தூக்கியே ஆக வேண்டும் என்றால், ஒரு கையை மார்புக்கு அடியிலும் மறு கையைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்து, உடலோடு அணைத்துத் தூக்குங்கள். கடிக்கும் முயலானால் முதலில் ஒரு துண்டைப் போர்த்திச் சுருட்டிக்கொள்ளுங்கள். மல்லாந்த முயல் அசையாதிருப்பது வேட்டை விலங்கின் பிடியில் சிக்கிய இரை செத்ததுபோல் கிடக்கும் அச்ச நிலை. அந்த நேரத்தில் அதன் இதயத் துடிப்பையும் மூச்சையும் கவனித்தால் அது நிம்மதியாக இல்லை என்பது புரியும். மூக்கில் சுண்டுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கை என்றாலே வலி என்று கற்றுக்கொடுத்துவிட்டு, அந்தக் கையைக் கண்டு முயல் கடிக்கிறது என்று வருந்துவதில் பொருளில்லை.

கேள்வி: பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரே கூடையிலிருந்து இரண்டு ஆண் குட்டிகளை வாங்கினோம். நான்கு மாதம் வரை ஒட்டிக்கொண்டே திரிந்தவை, இப்போது கூண்டு முழுக்க மயிர் பறக்கச் சண்டையிடுகின்றன. ஒன்றுக்கு விதைப்பையில் காயம். நடுவில் கை விட்ட என் கணவருக்கும் கடி. மீண்டும் சேர்த்து வைக்க முடியுமா?
— வாசகி, சென்னை

பதில்: இப்போது உடனே இரண்டையும் பிரித்து வையுங்கள். 'சண்டை போட்டு அவையே சமாதானமாகிக்கொள்ளும்' என்ற நம்பிக்கை முயல்களிடம் செல்லாது. ஒன்றன் விதைப்பையை மற்றொன்று கிழித்துவிடும் அளவுக்குப் போவது ஆண் முயல் சண்டையில் சாதாரணம். காயம்பட்டதை இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். முயலின் தோலுக்கடியில் சீழ் பிடித்தால் அது கட்டியாக இறுகிவிடும், எளிதில் வடியாது. சண்டையைப் பிரிக்கும்போது வெறும் கையை நுழைக்காதீர்கள். முறம், அட்டை, தலையணை என எது கைக்குக் கிடைக்கிறதோ அதை இரண்டுக்கும் நடுவில் செருகுங்கள். துடைப்பத்தை மட்டும் தவிர்க்கலாம். அசையும் துடைப்பத்தைக் கண்டாலே பல முயல்கள் கூடுதலாக வெறியேறிப் பாயும்.

இரண்டுக்கும் விதை நீக்கம் செய்து, ஆறு வாரம் கழித்து அறிமுகத்தைத் தொடங்குங்கள். அதுவரை ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் முடிந்தாலும் கடிக்க முடியாதபடி, இடையில் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு அடைப்புகளை அருகருகே வையுங்கள். சில நாளுக்கொருமுறை இரண்டின் விரிப்புகளையும் மாற்றிப் போடுங்கள். அடுத்து இரண்டும் இதுவரை கால் வைக்காத இடத்தில், குளியலறையோ உறவினர் வீட்டு வராந்தாவோ எதுவானாலும், கண் பார்வையிலேயே சில நிமிடங்கள் சேர்த்து விடுங்கள். ஒன்று மற்றொன்றின் மீது ஏறுவதும் லேசாக மயிரைப் பிடுங்குவதும் யார் மூத்தவர் என்று முடிவு செய்யும் பேச்சு. அதில் தலையிட வேண்டாம். இரண்டும் வட்டமாகச் சுழன்று ஒன்றையொன்று துரத்தத் தொடங்கினால் அந்த அமர்வை முடித்துவிடுங்கள். ஒன்று தலையைத் தாழ்த்தி நீட்ட, மற்றது அதன் நெற்றியை நக்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சில ஜோடிகளுக்கு ஒரு வாரம், சிலவற்றுக்கு மாதக்கணக்கு. சில ஜோடிகள் ஒருபோதும் சேராது. அவற்றைத் தனித்தனியாக வளர்ப்பதில் தவறில்லை.

கேள்வி: ஐந்து வயதாகும் எங்கள் முயல் இதுவரை யாரையும் கடித்ததே இல்லை. இரண்டு வாரமாக முகத்தருகே கை போனாலே கடிக்க வருகிறது. பல்லைக் கடிக்கும் ஓசை கேட்கிறது. தாடை எப்போதும் ஈரமாக இருக்கிறது. கீரையை எடுத்துவிட்டுக் கீழே போடுகிறது. வயதானதால் குணம் மாறிவிட்டதா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்காமல் நீங்கள் மருத்துவரிடம் சென்றிருப்பீர்கள் என்று நம்புகிறேன். வளர்ந்த முயலின் குணம் திடீரென்று மாறினால் முதலில் வலியைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கடைவாய்ப்பற்களைச் சுட்டுகின்றன. முயலின் பற்கள் அனைத்தும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன் வெட்டுப்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளரும். நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் மெல்லுவதால்தான் அவை தேய்கின்றன. குச்சித் தீவனமும் கேரட்டும் பிஸ்கட்டும் தின்று பழகிய முயலுக்கு அந்தத் தேய்மானம் இல்லை. கடைவாய்ப்பற்களில் முள் போன்ற கூர்முனைகள் வளர்ந்து, நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் கிழிக்கின்றன; வெளியிலிருந்து பார்த்தால் முன்பற்கள் ஒழுங்காகவே தெரியும். மென்மையான பல் நறநறப்பு மகிழ்ச்சியைக் காட்டும்; சத்தமாக, உடலைக் குறுக்கிக்கொண்டு நறநறத்தால் அது வலி.

வாயைத் தவிரப் பார்க்க வேண்டிய மற்ற இடங்களும் உண்டு: காதுக்குள் பொருக்குத் தட்டியிருந்தால் உண்ணி, கம்பித் தரையில் வாழும் முயலானால் உள்ளங்காலில் புண், முதுகைத் தொட்டால் கடித்தால் முதுகெலும்புத் தேய்வு, சிறுநீர் கழிக்கும்போது சிரமப்பட்டால் சிறுநீர்ப்பைக் கல். சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரைமசாலும் வேலிமசாலும் குட்டிகளுக்கும் பாலூட்டும் தாய்க்கும் நல்லவை. வளர்ந்த முயலுக்கு அவற்றைக் குறைத்து, அருகம்புல், கொழுக்கட்டைப் புல் போன்ற புல் வகைகளையும் காய்ந்த புல்லையும் எந்நேரமும் கிடைக்கும்படி போடுங்கள்.

நீங்களாக மருந்து கொடுக்க முனைய வேண்டாம். மனிதருக்கும் நாய்க்கும் பயன்படும் அமாக்சிசிலின் மாத்திரை, முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, உயிரையே பறித்துவிடும். நாய் உண்ணிக்குக் கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு நஞ்சு. பன்னிரண்டு மணி நேரம் தொடர்ந்து எதையும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருக்கும் முயலை அவசர நோயாளியாகவே கருதுங்கள். நள்ளிரவானாலும் மருத்துவரை எழுப்பலாம். நம் ஊர்க் கோடையும் எரிச்சலுக்கு ஒரு காரணம். 30 டிகிரிக்கு மேல் வெப்பம் போனால் முயல் தவிக்கத் தொடங்கும். வேர்வை வழியே சூட்டைத் தணிக்க அதற்கு வழியில்லை. மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் ஏப்ரல், மே மாதங்களில் முயல் கடிக்கிறது என்று எழுதுவோர் முதலில் கூண்டைக் கீழே இறக்கிவிட்டு, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, பிறகு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: வயலில் உளுந்து பிடுங்கும்போது தாய் இல்லாமல் தனியாகக் கிடந்த முயல் குட்டியை எடுத்து வந்து பாலூட்டி வளர்க்கிறோம். மூன்று மாதமாகியும் பழகவில்லை. ஆளைக் கண்டால் கூண்டில் முட்டி மூக்கில் காயப்படுத்திக்கொள்கிறது, பிடித்தால் கீறுகிறது, கத்துகிறது. கழுத்தின் பின்புறம் கருப்பாக இருக்கிறது.
— வாசகர், விழுப்புரம்

பதில்: உங்களிடம் இருப்பது வேறு விலங்கு. பிடரி கருத்த அந்தக் குட்டி, நம் வயல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் இயற்கையாக வாழும் காட்டு முயல். வளர்ப்பு முயலின் மூதாதை என்று முன்பு சொன்ன ஐரோப்பியக் காட்டு முயலிலிருந்து இது வேறானது. வளர்ப்பு முயலின் குட்டிகள் மயிரின்றி, கண் திறவாமல் வளைக்குள் பிறக்கின்றன. நம் காட்டு முயலின் குட்டிகளோ முழு மயிரோடும் திறந்த கண்களோடும் திறந்தவெளியில் பிறக்கின்றன. தாய் பகலில் குட்டிகளை விட்டு விலகியிருந்து, இருட்டிய பிறகு வந்து சிறிது நேரம் பாலூட்டிவிட்டுப் போகும். மோப்பம் பிடித்து வரும் நரி, நாயிடமிருந்து குட்டியைக் காப்பாற்ற அது கையாளும் உத்தி அது. நல்லெண்ணத்தோடு எடுத்து வரப்படும் 'அனாதைக் குட்டிகள்' பலவற்றுக்கு மாலையில் தாய் வந்திருக்கும். மனிதரோடு பழகி வாழ்வதற்கான இயல்பு இந்த விலங்குக்கு இல்லை. எந்தப் பயிற்சியும் அதைத் தராது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதைப் பிடித்து வைத்திருப்பதும் குற்றம். நீங்களே வயலில் கொண்டுபோய் விட்டுவிடாமல், அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லி ஒப்படையுங்கள். அதுவரை கூண்டைத் துணியால் மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் நான்கு வயதுப் பேரனை முயல் கன்னத்தில் கடித்துவிட்டது. வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டுமா? குழந்தை இருக்கும் வீட்டில் முயல் வளர்க்கலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: எந்தக் கடியானாலும் முதலில் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். வீட்டுக்குள்ளேயே வளரும் முயல் மூலம் வெறிநோய் பரவுவது மிக அரிது என்றாலும், ஊசி தேவையா இல்லையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தெருநாயோ கீரியோ அண்மையில் முயலைக் கடித்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். முயலின் வாயிலுள்ள கிருமிகளால் ஆழமான கடி சீழ் பிடிக்கக்கூடும், டெட்டனஸ் தடுப்பும் நடப்பில் இருக்க வேண்டும். ஆகவே முகத்தில் பட்ட கடியை மருத்துவரிடம் காட்டாமல் விடாதீர்கள்.

வளர்க்கலாமா என்ற கேள்விக்கு: முயல் வளர்க்கலாம், குழந்தையின் பொறுப்பில் வளர்க்க முடியாது. நான்கு வயதுக் குழந்தைக்கு அன்பு என்றால் கட்டிப்பிடிப்பது. முயலுக்குக் கட்டிப்பிடிப்பது என்றால் அகப்பட்டுக்கொள்வது. முகத்தருகே தூக்கியதால்தான் கன்னத்தில் கடித்திருக்கும். பேரன் தரையில் சம்மணமிட்டு அமர, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, முயல் வந்தால் கீரை கொடுப்பது, வராவிட்டால் விட்டுவிடுவது என்ற அளவோடு நிறுத்துங்கள். அது ஒளிந்துகொள்ளும் பெட்டிக்குள் இருக்கும்போது யாரும் தொடக் கூடாது என்பதை வீட்டின் சட்டமாக்குங்கள். பூனையையோ இன்னொரு முயலையோ தொட்டுவிட்டு வந்தால், கைகளைக் கழுவிய பிறகே இதன் அருகில் போக வேண்டும். வேற்று வாசனை படிந்த கையை நன்கு பழகிய முயலும் கடிப்பதுண்டு.

கேள்வி: எல்லா முறையும் பார்த்தாயிற்று. இனி வளர்க்க மனமில்லை. ஊருக்கு வெளியே தோப்பில் விட்டுவிட்டால் இயற்கையாகப் பிழைத்துக்கொள்ளாதா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: பிழைக்காது. வெள்ளை மயிரோடு, கூண்டில் தட்டிலிருந்து தின்று வளர்ந்த முயலுக்கு நம் தோப்புகளில் நாயும் பூனையும் பருந்தும் ஒரு நாள் அவகாசம் தந்தால் அதிகம். பட்டினியாலோ தாகத்தாலோ வதைபடும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமும்கூட. 'எல்லா முறையும்' என்று எழுதியிருக்கிறீர்கள்; அதில் கருத்தடையும் மருத்துவப் பரிசோதனையும் இருந்தனவா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் அவற்றை முதலில் செய்யுங்கள். அதன் பிறகும் கொடுத்துவிடவே விரும்பினால், சிறு குழந்தைகள் இல்லாத, பொறுமையுள்ள பெரியவர் ஒருவரிடம் கொடுங்கள். அது எங்கே, எப்போது, எப்படித் தொட்டால் கடிக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கூண்டையும், துவைக்காத பழைய விரிப்பையும், அது தின்று பழகிய தீவனத்தில் இரண்டு வாரத்துக்கு வேண்டியதையும் சேர்த்தே அனுப்புங்கள். தீவனத்தைத் திடீரென மாற்றினால் அதன் வயிறு கெடும்.